டிஎல்பி ஷூட்டவுன்: ஒரு த்ரெட் மெமரியை விட்டால் மற்ற கோர்கள் ஏன் நிற்கின்றன?

மெல்லினம்:

வணக்கம். இரண்டு சாக்கெட், மொத்தம் 64 கோர் உள்ள இன்டெல் சர்வர். லினக்ஸ், விர்ச்சுவல் மெஷின் இல்லை. அதில் 48 த்ரெட்களோடு ஒரே புராசஸாக ஓடும் சி++ சர்வீஸ். சராசரி பதில் நேரம் நன்றாகவே இருக்கிறது, பி99 (100-இல் 99 கோரிக்கைகள் முடிந்துவிடும் நேரம்) மட்டும் அவ்வப்போது எகிறுகிறது. எந்த ஃபங்ஷன் நேரம் தின்கிறது என்று காட்டும் பெர்ஃப் டாப்பில் முதலில் வருவது எஸ்எம்பி_கால்_ஃபங்ஷன்_மெனி_காண்ட். அதை அழைப்பது ஃபிளஷ்_டிஎல்பி_எம்எம்_ரேஞ்ச். /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பில் டிஎல்பி என்ற வரி எல்லாக் கோரிலும் வேகமாக ஏறுகிறது. டிஎல்பி என்பது விர்ச்சுவல் முகவரிக்குரிய ஃபிசிக்கல் முகவரியை ஒவ்வொரு கோரும் நினைவில் வைத்திருக்கும் சிறு கேஷ்; பழைய பதிவை அழிக்கச் சொல்லி ஒரு கோர் மற்ற கோர்களுக்கு இன்டரப்ட் அனுப்புவதுதான் ஷூட்டவுன் என்று புரிந்துகொண்டிருக்கிறேன்.

சந்தேகங்கள்: டேட்டா கேஷை ஹார்டுவேரே ஒத்திசைவாக வைத்துக்கொள்ளும்போது டிஎல்பியை மட்டும் ஏன் கர்னல் இன்டரப்ட் அனுப்பிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது? இதைத் தூண்டுவது எங்கள் கோடில் எந்த இடம் என்று எப்படிப் பிடிப்பது? எத்தனை பக்கம் வரை ஒவ்வொன்றாக அழிக்கலாம் என்ற வரம்பான டிஎல்பி_சிங்கிள்_பேஜ்_ஃபிளஷ்_சீலிங் 33 ஆக இருக்கிறது; அதை மாற்றினால் பலன் உண்டா?

பிட்டுக்குமண்:

முதல் கேள்விக்கு மட்டும் இப்போது.

டேட்டா கேஷ் வரிசைகள் ஃபிசிக்கல் முகவரியால் அடையாளம் காணப்படுகின்றன. ஒரு கோர் எழுதினால் அதே ஃபிசிக்கல் முகவரியை வைத்திருக்கும் மற்ற கோர்களிடம் "உன் நகல் செல்லாது" என்று சொல்லிவிட முடியும். டிஎல்பி பதிவு அப்படியல்ல. அதில் இருப்பது விர்ச்சுவல் பக்க எண், ஃபிசிக்கல் பக்க எண், அனுமதி பிட்கள், பிசிஐடி (எந்தப் புராசஸின் முகவரி என்று காட்டும் எண்). அந்தப் பதிவு எந்த பேஜ் டேபிள் வரிசையிலிருந்து படிக்கப்பட்டது என்ற குறிப்பு அதில் கிடையாது. ஆகவே பிடிஇ (ஒரு விர்ச்சுவல் பக்கம் எந்த ஃபிசிக்கல் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் பேஜ் டேபிள் பதிவு) மாற்றப்பட்டு, அந்தக் கேஷ் லைன் செல்லாது என்ற செய்தி வந்து சேர்ந்தாலும், எந்த டிஎல்பி பதிவைத் தூக்குவது என்று அந்தக் கோருக்குத் தெரியாது. பிடிஇ-யின் ஃபிசிக்கல் முகவரியையும் கூடவே சேமித்து ஒத்திசைவு நெறிமுறையில் டிஎல்பியையும் சேர்க்கலாம் என்று டியூக் பல்கலைக்கழகத்தில் 2010-இல் ஒரு வடிவமைப்பை முன்வைத்தார்கள். நாம் வாங்கும் சர்வர் சிப்களில் அது இல்லை.

சுத்தம் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள். கோர் 0 ஒரு பக்கத்தை எம்அன்மேப் செய்கிறது (கர்னலிடம் திருப்பித் தருகிறது), பிடிஇ பூஜ்யமாகிறது. கோர் 7-இன் டிஎல்பியில் அதே பக்கம் "எழுதலாம், டர்ட்டி (ஏற்கெனவே எழுதப்பட்டது)" என்று இன்னும் இருக்கிறது. கர்னல் அந்த ஃபிசிக்கல் பக்கத்தை உடனே விடுவித்து, அது வேறொரு புராசஸுக்கோ பேஜ் கேஷுக்கோ போய்விட்டது. இப்போது கோர் 7 பழைய முகவரியில் எழுதினால் ஃபால்ட் வராது. பிடிஇ-யைத் திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லாததால் அது நேராக மற்றவருடைய பக்கத்தில் எழுதிவிடும். கிராஷ் ஆனால் அதிர்ஷ்டம்; பெரும்பாலும் எங்கோ ஒரு கோப்பில் தரவு கெட்டிருப்பதுதான் மிஞ்சும்.

அதனால் வரிசை மாறவே கூடாது: முதலில் பிடிஇ-யை அழி, பிறகு எல்லாக் கோரும் மறந்துவிட்டன என்று உறுதி செய், அதன் பிறகே பக்கத்தை விடுவி. லினக்ஸில் எம்எம்யூ_கேதர் என்ற அமைப்பு இருப்பதே இதற்காகத்தான். விடுவிக்க வேண்டிய பக்கங்களைச் சேர்த்து வைத்து, ஃபிளஷ் முடிந்த பின் மொத்தமாக விடும்.

இந்த வரிசை ஒரு மயிரிழை பிசகினாலே ஓட்டை. 2018-இல் வெளியான சிவிஇ-2018-18281 என்ற லினக்ஸ் பாதுகாப்பு ஓட்டை அதற்கு நல்ல பாடம். மேப்பிங்கை இடம் மாற்றும் எம்ரீமேப் அழைப்பு பேஜ் டேபிள் லாக்கை விட்ட பிறகு ஃபிளஷ் செய்தது. அந்தச் சிறு இடைவெளியில் இன்னொரு த்ரெட் எஃப்ட்ரங்கேட் செய்தால் (கோப்பின் நீளத்தைக் குறைத்தால்), ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட பக்கத்துக்குப் பழைய டிஎல்பி வழியாகப் போக முடிந்தது. ஃபிளஷை லாக்குக்குள்ளேயே நகர்த்தித்தான் சரி செய்தார்கள்.

எல்லா மாற்றத்துக்கும் இது தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெமரியில் இல்லாத பக்கத்தை, அதாவது நாட்-ப்ரெசன்ட் பதிவை, எக்ஸ்86 டிஎல்பியில் வைக்காது. எனவே புதிதாக மேப் செய்யும்போது யாருக்கும் சொல்ல வேண்டாம். படிக்க மட்டும் என்பதை எழுதலாம் என்று தளர்த்தும்போதும் அவசரமில்லை. பழைய பதிவு வைத்திருக்கும் கோருக்கு ஒரு வீண் ஃபால்ட் வரும், அதிலேயே பதிவு புதுப்பிக்கப்படும். அனுமதியைக் குறைக்கும்போதும், முகவரியை மாற்றும்போதும், பக்கத்தை எடுக்கும்போதும்தான் ஷூட்டவுன்.

கர்னல்காரர்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முதலில் ஒன்று: /ப்ராக்/இன்டரப்ட்ஸில் உள்ள டிஎல்பி வரி அடி வாங்கியவர்களின் கணக்கு, அடித்தவர்களின் கணக்கு அல்ல. அங்கே பார்த்து "கோர் 12-இல்தான் அதிகம், அங்கே ஓடும் த்ரெட்தான் காரணம்" என்று போனால் தலைகீழாக முடியும்.

அனுப்புபவரைப் பிடிக்க டிஎல்பி:டிஎல்பி_ஃபிளஷ் என்ற டிரேஸ்பாயிண்ட் இருக்கு. அதில் ரீசன் என்ற புலம்: 0 என்றால் டாஸ்க் மாறியதால், 1 என்றால் மற்றவர் அனுப்பிய ஷூட்டவுன் நம் கோரில் நடந்தது, 2, 3 உள்ளூர் ஃபிளஷ், 4 என்றால் நாம் ஐபிஐ (ஒரு கோர் மற்ற கோர்களுக்கு அனுப்பும் இன்டரப்ட்) அனுப்புகிறோம். உங்களுக்கு வேண்டியது 4 மட்டும். பெர்ஃப் ரெக்கார்டில் ஃபில்டராக ரீசன் சமம் 4 என்று போட்டு, கால் கிராஃப் ஆப்ஷனோடு 10 விநாடி எடுங்க. ஸ்டாக்கின் கர்னல் பகுதியில் எந்த சிஸ்டம் கால் என்பது தெரியும், யூசர் பகுதியில் உங்கள் ஃபங்ஷன் பெயர். ஃப்ரேம் பாயிண்டர் இல்லாமல் கம்பைல் செய்திருந்தால் யூசர் பக்க ஸ்டாக் குப்பையாக வரும். டீபக் தகவலை வைத்து ஸ்டாக்கைப் பிரிக்கும் டுவார்ஃப் முறையில் எடுங்க.

அதே வரியில் பேஜஸ் என்ற புலத்தையும் பாருங்க. -1 என்று இருந்தால் முழு ஃபிளஷ். சிறு எண் என்றால் அத்தனை பக்கத்துக்கு மட்டும் ஒவ்வொன்றாக இன்வ்எல்பிஜி (ஒரு பக்கத்தின் டிஎல்பி பதிவை அழிக்கும் கட்டளை) போகுது.

எஸ்எம்பி_கால்_ஃபங்ஷன்_மெனி_காண்ட் மேலே நிற்பதை வைத்து "ஐபிஐ அனுப்பவே இவ்வளவு நேரமா" என்று நினைக்க வேண்டாம். அனுப்புவது சீக்கிரம் முடியும். மீதி நேரமெல்லாம் எல்லாக் கோரும் ஒப்புதல் தரும்வரை அதே ஃபங்ஷனுக்குள் சுற்றிக்கொண்டு நிற்பது. 47 பேர் உடனே பதில் சொல்லி ஒரே ஒரு கோர் இன்டரப்டை அணைத்து வைத்து ஏதோ நீண்ட வேலை செய்தால், அனுப்பியவர் அந்த ஒருவருக்காகக் காத்திருக்கணும். சராசரி நன்றாக இருந்து பி99 மட்டும் எகிறுவதற்கு இது அசல் அறிகுறி. ஐஆர்க்யூஸ்ஆஃப் டிரேசரை ஓட்டி எந்த டிரைவர் அதிக நேரம் இன்டரப்டை அடைத்து வைக்குது என்று ஒரு தடவை பார்ப்பது நல்லது.

சந்தேகப் பட்டியல், என் அனுபவ வரிசைப்படி: மெமரி அலகேட்டர் திருப்பித் தரும் எம்அட்வைஸ் டோன்ட்நீட் மற்றும் எம்அன்மேப், பெரிய கோப்பை எம்மேப்பில் படிக்கும்போது பேஜ் கேஷ் ரீக்ளெயிம் (கர்னல் பக்கங்களைத் திரும்ப எடுப்பது), நூமா பேலன்சிங் (பக்கத்தை அதைத் தொடும் சாக்கெட்டின் மெமரிக்கு அருகே நகர்த்துவது), பெரிய பக்கம் சேர்க்கும் கேஹியூஜ்பேஜ்டி, காம்பாக்ஷன் (பக்கங்களை நகர்த்தித் தொடர்ச்சியான காலியிடம் உண்டாக்குவது). கடைசி மூன்றும் உங்கள் கோடே எதுவும் செய்யாவிட்டாலும் வரும். நூமா பேலன்சிங் வேண்டுமென்றே பக்கங்களின் அனுமதியைப் பறித்து, யார் தொடுகிறார்கள் என்று ஃபால்ட் வைத்துப் பார்க்கும். பறிப்பது அனுமதிக் குறைப்பு, ஆகவே ஷூட்டவுன். த்ரெட்களையும் மெமரியையும் நீங்களே நோடு (ஒரு சாக்கெட்டும் அதன் மெமரியும்) வாரியாகக் கட்டி வைத்திருந்தால் கர்னல்.நூமா_பேலன்சிங்கை 0 ஆக்குங்க. கட்டி வைக்காமல் அணைத்தால் தூரத்து மெமரி படிக்கும் செலவு வேறு பக்கம் முளைக்கும்.

மெல்லினம்:

நன்றி. ரீசன் 4 எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே ஒரே இடம்: ஒவ்வொரு கோரிக்கைக்கும் 40 எம்பி அளவில் ஒரு ஸ்க்ராட்ச் பஃபர் வாங்கி, முடிந்ததும் ஃப்ரீ செய்கிறோம். ஃப்ரீ நேராக எம்அன்மேப்புக்குப் போகிறது. பேஜஸ் -1. லினக்ஸின் வழக்கமான சி லைப்ரரியான ஜிலிப்சியின் மேலாக் பெரிய பஃபர்களைத் தானே தக்கவைத்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேனே?

கர்னல்காரர்:

தக்கவைக்கும், ஆனால் ஒரு வரம்பு வரை. எம்மேப் த்ரெஷோல்ட் ஆரம்பத்தில் 128 கேபி. அதைவிடப் பெரிய துண்டு தனி எம்மேப்பாக வாங்கப்பட்டு, ஃப்ரீ ஆகும்போது எம்அன்மேப் ஆகும். அப்படி ஒரு துண்டு ஃப்ரீ ஆனதும் த்ரெஷோல்ட் அந்த அளவுக்கு உயரும், அடுத்த முறை அதே அளவு ஹீப்பிலிருந்தே வரும். இந்த உயர்வு 64 பிட்டில் 32 எம்பியோடு நின்றுவிடும். உங்களுடையது 40. ஆயுசுக்கும் எம்மேப், எம்அன்மேப்தான்.

40 எம்பி என்பது 4 கேபி பக்கமாக 10,240. சீலிங் 33, அதாவது 132 கேபி. அதைத் தாண்டினால் ஒவ்வொரு பக்கமாக அழிப்பதை விட்டுவிட்டு அந்தப் புராசஸின் பதிவுகளை மொத்தமாகத் தூக்கிவிடும். இங்கேதான் மூன்றாவது கேள்விக்கும் பதில். சீலிங்கை 10,240-க்கு மேல் ஏற்றினால் ஒவ்வொரு கோரும் பத்தாயிரம் இன்வ்எல்பிஜி ஓட்டணும், அதுவும் இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள். வேண்டவே வேண்டாம். சீலிங்கைத் தொட வேண்டிய நேரம் ஃபிளஷ் அளவுகள் 33-ஐ ஒட்டி, 40, 60 பக்கம் என்று விழும்போதும், ஃபிளஷுக்குப் பிறகு டிஎல்பி மிஸ் ஏறுவதை பெர்ஃப் ஸ்டாட்டில் கண்ணால் பார்த்த பிறகும்தான். அது டீபக்எஃப்எஸ் கோப்பு, ரீபூட் ஆனால் 33-க்கே திரும்பும்.

சரியான மருந்து அந்த பஃபரை ஃப்ரீ செய்யாமல் பூலாக வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது. த்ரெடுக்கு ஒன்று என்று வைத்தால் 48 × 40 = 1,920 எம்பி, சர்வரில் அது பெரிய விஷயமில்லை. ஆரம்பத்திலேயே 2 எம்பி ஹியூஜ் பக்கங்களில் வாங்கினால் பஃபருக்கு 20 பதிவு போதும், டிஎல்பி இடமும் மிச்சம்.

இன்னொன்று. ஷூட்டவுன் மேல் மட்டும் பழியைப் போடாதீங்க. ஒவ்வொரு கோரிக்கையிலும் புது 40 எம்பி என்றால் பத்தாயிரம் பேஜ் ஃபால்ட், பத்தாயிரம் பக்கம் பூஜ்யமாக்கல். எம்அன்மேப் லினக்ஸ் 4.20 முதல் மெமரி லாக்கை ரீட் நிலைக்கு இறக்கிக்கொண்டுதான் பக்கங்களை எடுக்கிறது, ஆனாலும் ஃபிளஷ் முடியும்வரை எழுத லாக் கேட்பவர் வெளியே நிற்கணும். பூல் வைத்தால் மூன்றும் சேர்ந்தே போகும். எது எவ்வளவு தின்றது என்று பிரித்துப் பார்க்க விரும்பினால் பேஜ் ஃபால்ட் எண்ணிக்கையையும் முன்பின் குறித்து வைங்க.

அரைபைட்:

ஃப்ரீ செய்யும் இடத்தில் எம்அட்வைஸ் ஃப்ரீ (தேவைப்படும்போது கர்னல் எடுத்துக்கொள்ளலாம் என்ற குறிப்பு) போட்டால் ஷூட்டவுனிலிருந்து தப்பிக்கலாமே? பக்கம் இருந்த இடத்திலேயே இருக்கிறதே.

பிட்டுக்குமண்:

தப்பாது. எம்அட்வைஸ் ஃப்ரீ பக்கத்தை எடுக்காவிட்டாலும் பிடிஇ-யின் டர்ட்டி பிட்டை அழிக்கிறது. மற்ற கோரின் டிஎல்பியில் டர்ட்டி என்று பழைய பதிவு இருந்தால், அந்தக் கோர் மறுபடி எழுதும்போது பிடிஇ-யில் டர்ட்டி பிட் ஏறாது; கர்னல் "யாரும் எழுதவில்லை" என்று நம்பி, எழுதிய பக்கத்தையே தூக்கி எறிந்துவிடும். எனவே அங்கேயும் ஃபிளஷ் உண்டு. லாபம் பேஜ் ஃபால்ட்டிலும் பூஜ்யமாக்கலிலும்தான்.

ஜெமேலாக் என்ற வேறு அலகேட்டரைப் பயன்படுத்துபவர்களுக்கு டர்ட்டி_டிகே_எம்எஸ் இயல்பாக 10,000, அதாவது 10 விநாடி. பயன்படாத பக்கங்களைத் திருப்பித் தரும் வேகம் இது. கூட்டினால் ஷூட்டவுன் குறையும், மெமரி கூடும். பேக்கிரவுண்ட் த்ரெடை இயக்கினால் திருப்பித் தரும் வேலை கோரிக்கையைக் கவனிக்கும் த்ரெடில் விழாது. ஐபிஐ மட்டும் எல்லோருக்கும் வழக்கம்போல வரும், ஏனென்றால் அது புராசஸ் முழுவதற்கும் பொது.

ஐசோல்சிபியூஸ், நோஹெர்ட்ஸ்_ஃபுல் என்ற பூட் ஆப்ஷன்களைப் போட்டுத் தனிமைப்படுத்திய கோர்களுக்கும் இதே கதைதான். ஒரே அட்ரஸ் ஸ்பேஸில் அந்தக் கோர் ஓடும்வரை ஷூட்டவுன் அதன் கதவைத் தட்டும். நேரம் தவறவே கூடாத த்ரெட் என்றால் அதைத் தனிப் புராசஸாகப் பிரித்து, பகிர்வு மெமரி வழியாகப் பேச வையுங்கள். பக்கங்களை மெமரியிலேயே பூட்டி வைக்கும் எம்லாக்ஆல் ரீக்ளெயிமைத் தடுக்கும், காம்பாக்ஷனைத் தடுக்காது, அதற்கு விஎம்.காம்பாக்ட்_அன்எவிக்டபிள்_அலவ்டு 0.

ஓடைக்கரை:

இதே தலைப்பில் என் கேள்வி. படிப்புக்காக ஒரு சிறு எக்ஸ்86-64 கர்னல் எழுதுகிறேன். க்யூஎம்யூ எமுலேட்டரில் ஒரு சிபியூ கொடுத்தால் ஓடுகிறது. 4 கொடுத்தால் ஷூட்டவுனில் தொங்கிவிடுகிறது. பேஜ் டேபிள் ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டே காத்திருக்கும் லாக்) இன்டரப்ட் அணைத்து எடுக்கிறேன், உள்ளேயே ஐபிஐ அனுப்பி எல்லோருடைய ஒப்புதலுக்கும் காத்திருக்கிறேன்.

பிட்டுக்குமண்:

கடைசி வரியிலேயே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். சிபியூ 0 லாக்கை வைத்துக்கொண்டு சிபியூ 1-இன் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது. சிபியூ 1 இன்டரப்டை அணைத்துவிட்டு அதே லாக்குக்காகச் சுற்றுகிறது. ஐபிஐ அதன் காதில் விழாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். லாக்கே இல்லாமல் இரண்டு சிபியூவும் இன்டரப்டை அணைத்து ஒரே நேரத்தில் ஷூட்டவுன் தொடங்கினாலும் இதே முடிவுதான். லினக்ஸ் இன்டரப்ட் அணைந்த நிலையில் இந்த அழைப்பு வந்தால் எச்சரிக்கை அச்சடிப்பது அதனால்தான். வழி: அந்த லாக்கை இன்டரப்ட் இயங்கும் நிலையிலேயே எடுங்கள், இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் அதைத் தொடாதீர்கள். முடியாதென்றால் ஸ்பின் சுற்றுக்குள் "எனக்கு ஷூட்டவுன் வேண்டுகோள் இருக்கிறதா" என்று பார்த்துச் செய்துவிட்டுச் சுற்றச் சொல்லுங்கள்.

இதைத் தீர்த்ததும் அடுத்த பிழை காத்திருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். யாருக்கு ஐபிஐ அனுப்புவது என்று ஒரு சிபியூ மாஸ்க் வைத்திருப்பீர்கள். அனுப்பும் சிபியூ பிடிஇ-யை எழுதி, முழு மெமரி பேரியர் (மெமரிச் செயல்களின் வரிசை மாறாமல் காக்கும் கட்டளை) போட்டு, அதற்குப் பிறகுதான் மாஸ்கைப் படிக்க வேண்டும். புராசஸ் மாறும் சிபியூ மாஸ்கில் தன் பிட்டை ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகே சிஆர்3-ஐ (பேஜ் டேபிளின் முகவரி இருக்கும் ரெஜிஸ்டர்) எழுத வேண்டும். இரண்டும் இந்த வரிசையில் இருந்தால், புதிதாக உள்ளே வரும் சிபியூ மாஸ்கில் தெரியும், அல்லது புதிய பிடிஇ-யைப் படிக்கும். ஒரு பக்கம் தலைகீழானாலும் இரண்டும் தவறவிடும் ஜன்னல் திறக்கும். பல மணி நேரத்துக்கு ஒரு முறை மட்டும் வரும் கிராஷ் அது.

பிடிஇ-யை அழிக்கும்போது படித்து, பிறகு எழுதி என்று இரண்டு படியாகச் செய்யாமல் எக்ஸ்சேஞ்ச் கட்டளையால் ஒரே மூச்சில் செய்யுங்கள். நடுவில் இன்னொரு சிபியூவின் ஹார்டுவேர் டர்ட்டி பிட்டை ஏற்றினால் அது தொலைந்துபோகும். 1989 காலத்து மாக் கர்னல் இந்தத் தொல்லையால்தான் கனமான முறைக்குப் போனது: பேஜ் டேபிளை மாற்றும்வரை அதைப் பயன்படுத்தும் மற்ற செயலிகளை நிறுத்தி வைத்துவிடும். சில ஹார்டுவேர்கள் ரெஃபரன்ஸ், மாடிஃபைடு பிட்களைத் தன்னிச்சையாகத் திருப்பி எழுதியதால் வேறு வழியில்லை. எக்ஸ்86 அந்த பிட்களை அட்டாமிக்காக, அதாவது நடுவில் யாரும் குறுக்கிட முடியாத ஒரே செயலாக ஏற்றுவதால் உங்களுக்கு நிறுத்தல் தேவையில்லை, பிடிஇ-யை மாற்றிவிட்டுச் செய்தி சொன்னால் போதும்.

பேஜ் டேபிள் பக்கத்தையே விடுவிக்கும்போது இன்னும் கவனம். சும்மா இருக்கும் சிபியூ அந்த அட்ரஸ் ஸ்பேஸை சிஆர்3-இல் பிடித்துக்கொண்டே இருக்கலாம். சாதாரண ஷூட்டவுனில் லினக்ஸ் அதைத் தொந்தரவு செய்யாது. ஒரு தலைமுறை எண் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது பின்தங்கியிருந்தால் தானே ஃபிளஷ் செய்துகொள்ளச் சொல்லும். ஆனால் டேபிளே விடுவிக்கப்படுகிறது என்றால் சும்மா இருப்பவருக்கும் ஐபிஐ போக வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பெகுலேஷனில் (முன்கூட்டியே ஊகித்து ஓட்டுவதில்) அந்த சிபியூ பேஜ் வாக் (பேஜ் டேபிளைப் படித்து முகவரி தேடுவது) தொடங்கி, ஏற்கெனவே வேறு தரவு நிரம்பிய பக்கத்தை டேபிள் என்று நினைத்துப் படித்துவிடும்.

மெல்லினம்:

பூல் முறைக்கு மாற்றத் தொடங்கிவிட்டோம். ஒரு கடைசிக் கேள்வி. அடுத்த ஆண்டு ஆர்ம்64 சர்வர்களுக்குப் போகும் யோசனை இருக்கிறது. அங்கே ஹார்டுவேரே எல்லாக் கோருக்கும் சொல்லிவிடும் என்கிறார்களே, இந்தத் தலைவலியே இராதா?

கர்னல்காரர்:

ஐபிஐ இராது, காத்திருப்பு இருக்கும். ஆர்ம்64-இல் பிடிஇ எழுதி, டிஎஸ்பி ஐஎஸ்ஹெச்எஸ்டி என்ற பேரியர் போட்டு, டிஎல்பி பதிவை அழிக்கும் ஐஎஸ் வகை டிஎல்பிஐ கட்டளை கொடுத்தால் இன்னர் ஷேரபிள் (மெமரியை ஒத்திசைவாகப் பகிரும் கோர்கள்) வட்டத்தில் உள்ள எல்லாக் கோருக்கும் இன்டர்கனெக்ட் வழியே செய்தி போகும். பிறகு டிஎஸ்பி ஐஎஸ்ஹெச் போட்டு, எல்லோரும் முடித்தார்கள் என்று தெரியும்வரை நிற்கணும். மற்ற கோர்கள் இன்டரப்ட் எடுக்காததால் கோடு ஓட்டம் அறுபடாது, அது உண்மையான லாபம். ஆனால் செய்தி அந்தப் புராசஸ் ஓடாத கோர்களுக்கும் போகும், மாஸ்க் பார்த்து வடிகட்டுவது கிடையாது. ரேஞ்ச் கட்டளைகள் ஆர்ம்v8.4-இல்தான் வந்தன, அது இல்லாத சிப்பில் லினக்ஸ் 512 பக்கத்தைத் தொட்டதும் அந்த ஏஎஸ்ஐடி (புராசஸின் அட்ரஸ் ஸ்பேஸ் எண்) முழுவதையும் ஃபிளஷ் செய்துவிடும். உங்கள் 40 எம்பி அங்கேயும் முழு ஃபிளஷ்தான். அளக்கும்போது ஏமாறாதீங்க: /ப்ராக்/இன்டரப்ட்ஸில் டிஎல்பி என்ற வரியே இருக்காது, நேரமெல்லாம் எம்அன்மேப்புக்குள் டிஎஸ்பி-யில் ஒளிந்திருக்கும்.

உங்கள் குழுவில் யாராவது பேஜ் டேபிளை நேரடியாகத் தொடும் கர்னல் மாட்யூல் வைத்திருந்தால் பிரேக்-பிஃபோர்-மேக் விதியைப் படிக்கச் சொல்லுங்க. ஃபிசிக்கல் முகவரியையோ பக்க அளவையோ மாற்றும்போது பழையதை முதலில் செல்லாததாக்கி, டிஎல்பிஐ, டிஎஸ்பி முடித்து, அதன் பிறகே புதியதை எழுதணும். எக்ஸ்86 பழக்கத்தில் நேராக மேலெழுதினால் டிஎல்பி கான்ஃப்ளிக்ட் அபார்ட் வரை போகலாம்.

எக்ஸ்86-ஐ விட்டு ஓட இதை மட்டும் காரணமாக வைக்க வேண்டாம். ஏஎம்டி ஜென் 3 சர்வர் சிப்களிலிருந்து இன்வ்எல்பிஜிபி, டிஎல்பிசிங்க் என்று இரண்டு கட்டளைகள் உண்டு, ஐபிஐ இல்லாமலே மற்ற கோர்களின் பதிவுகளை அழிக்கும். லினக்ஸ் 6.15-இல் ஆதரவு சேர்ந்தது. 4 அல்லது அதற்கு மேற்பட்ட சிபியூக்களில் ஒரே நேரத்தில் ஓடும் புராசஸுக்கு எல்லாக் கோருக்கும் பொதுவான ஒரு ஏஎஸ்ஐடி ஒதுக்கி இந்த வழியில் அனுப்பும், சிறிய புராசஸ்கள் பழையபடி ஐபிஐயிலேயே போகும். விர்ச்சுவல் மெஷினுக்குள் ஹைப்பர்வைசர் திறந்துவிட்டால்தான் இது கிடைக்கும், கிளவுடில் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்க.